எச்சமும் உறவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேடந்தாங்கல் கட்டுரையில் விவசாயிக்கும் நீர்ப்பறவைக்கும் ‘பண்பாட்டு உறவு’ என்று எழுதியிருந்தீர்கள். எங்களுடையதும் ஏரிப்பாசனக் குடும்பம்தான். எச்சம் உரமாகிறது, அதனால் பறவையை விட்டுவைக்கிறார்கள். இதில் பண்பாடு எங்கே வந்தது? என் தாத்தா தாழைக்கோழியைத் தகரம் தட்டி விரட்டியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

க., மதுராந்தகம்

அன்புள்ள க.,

தாத்தா செய்ததில் தப்பே இல்லை. தாழைக்கோழி பயிரை மிதித்துச் சாய்க்கும், குருத்தைக் கடித்துப் போடும். அதைக் கொஞ்சச் சொல்லி எந்த விவசாயியிடமும் போய் நிற்க முடியாது.

எச்சக் கணக்கும் உண்மைதான். ஐப்பசி மழையில் வேடந்தாங்கல் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் வந்து நீர்க்கடம்பில் கூடு கட்டுகின்றன. இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் ஏரிகளிலும். எச்சமிடுவது இங்கே. குஞ்சு பொரித்திருக்கும் நாட்களில் கிளையும் இலையும் வெளுத்துக் கிடக்கும். பல ஊர்ச் சத்து ஓர் ஏரியில் சேர்ந்து, மதகைத் திறந்ததும் நெல்வயலுக்குப் போகிறது.

பயன் தெரிந்த பிறகு அந்த ஊர் என்ன செய்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்று கவுல், அதாவது எழுத்து மூலமான உத்தரவு, வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். சரணாலயச் சட்டமெல்லாம் எவ்வளவோ பின்னால் வந்தது. நிலத்துக்குப் பட்டா கேட்பதுபோலப் பறவைக்கும் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். பாட்டும் கதையும்தான் பண்பாடு என்று நினைத்தால் இது கண்ணில் படாது.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது லேசான காரியமா? நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்தில் நாரைகள் தெரு மரத்திலும் கொல்லை மரத்திலுமே கூடு கட்டுகின்றன. வாசலில் எச்சம், எந்நேரமும் மீன் கவிச்சி. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் உரக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? யூரியா மூட்டை வந்த பிறகும் இது தொடர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பயனை அடியோடு ஒதுக்கவும் நான் தயாரில்லை. வேடந்தாங்கலுக்கு 2022-ல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது, நல்லதுதான். இருந்தாலும் அது அடிப்படையில் பாசன ஏரி. ஆயக்கட்டில், அதாவது ஏரி பாயும் நிலத்தில், நெல் போடுகிறவருக்குத்தான் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தால் பதைக்கும். வயல் வீட்டுமனையானால் அந்த ஆள் இருக்கமாட்டார், வேட்டைக்காரனை விரட்டும் கண்களும் இருக்காது. ஏரியில் தண்ணீர் இல்லாத வருடங்களில் பறவைகள் கூடு கட்டாமலே போயிருக்கின்றன.