புது ஃபோர் பை ஃபோர்: இணையத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?
வாசகர் கேள்வி – பதில்

போன மாதம்தான் மஹிந்திராவின் தார் ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டி) எடுத்தோம். மண் பாதை, மலைப் பாதையில் ஓட்டப் பழகலாம் என்று யூடியூபைத் திறந்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கோவை

வண்டிக் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் ஓனர்ஸ் மேனுவலிலிருந்து. புத்தகமாகத்தான் வண்டியில் கிடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பிடிஎஃப் என்றால் வேண்டிய சொல்லைப் போட்டுத் தேடலாம். ஃபோர் வீல் டிரைவ் மாற்றும் முறையும் அதற்கான வேக வரம்பும், இழுவைக் கொக்கி இருக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், ஃபியூஸ் அட்டவணை ஆகிய பக்கங்களைப் போனிலேயே சேமித்து வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில்தான் அவை தேவைப்படும்.

வீடியோ பார்க்கும்போது அதில் ஓடுவது எந்த வண்டி என்று முதலில் கவனியுங்கள். 2023 ஜனவரி முதல் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் விற்பனையில் இருக்கிறது. கியர் லீவருக்குப் பக்கத்தில் 2ஹெச் (இரண்டு சக்கர இழுவை), 4ஹெச் (நாலு சக்கர இழுவை), என் (நியூட்ரல்), 4எல் (நாலு சக்கரத்துக்கும் மெதுவான, வலுவான இழுவை) என்று எழுதிய குட்டி லீவர் இல்லையென்றால், பாதி வீடியோக்கள் உங்களுக்குப் பொருந்தாது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் டிஃப் லாக், அதாவது இடது வலது சக்கரங்களை ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டு, உண்டு. அதை வைத்திருப்பவர் ‘மெதுவாக ஊர்ந்தே ஏறிவிடுங்கள்’ என்பார். மாருதி ஜிம்னியில் அந்த லாக் கிடையாது. சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் போட்டுப் பிடித்து, விசையை மறுபக்கச் சக்கரத்துக்குத் தள்ளும் ஏற்பாடுதான். சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் அது விழித்துக்கொள்ளும். பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரே மேடு, ஒரே பள்ளம். வண்டிக்கு வண்டி கால் வேலை மாறுகிறது.

டயரில் காற்று எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), வண்டியில் எவ்வளவு பாரம், வண்டி ஏன் சிக்கிக்கொண்டது என்று சொல்லாமல் சேறு தெறிப்பதை மட்டும் காட்டுகிற வீடியோவில் கற்க ஒன்றுமில்லை.

தார் ரோட்டில் 4ஹெச்சில் யு-டர்ன் அடித்தால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது, கீழே ‘டக் டக்’ என்று சத்தம். வண்டியில் கோளாறா?
– வாசகர், சேலம்

கோளாறு இல்லை, ஓட்டிய இடம்தான் தவறு. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற பார்ட் டைம் (வேண்டும்போது மட்டும் நாலு சக்கர இழுவை போடும்) ஃபோர் பை ஃபோர் வண்டிகளில், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. 4ஹெச் போட்டதும், சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டும் பின்னதும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் முறுக்கு முழுவதும் கியரிலும் ஷாஃப்டிலும் ஏறுகிறது. லீவர் 2ஹெச்சுக்கு வர மறுப்பதும் இதனால்தான். அடித்துத் தள்ளாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து இரண்டு மூன்று மீட்டர் ரிவர்ஸ் போனால் முறுக்கு அவிழும், லீவர் தானாக வரும். 4எல் போடுவதற்கு வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

மணலில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு? திரும்பக் காற்று அடிக்க வாங்கிய கம்ப்ரஸரை சிகரெட் லைட்டரில் செருகினால் ஃபியூஸ் போய்விடுகிறது.
– வாசகர், தூத்துக்குடி

18 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். அப்படியும் புதைந்தால் 15. அதற்குக் கீழே போகப் போக, திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து கூடும். காற்றுக் குறைந்த டயர் அகலமாகிறது என்பது பாதி உண்மை. முக்கியமாக நீளவாக்கில்தான் அதிகம் படிகிறது, பாரம் பரவுகிறது. அந்தக் காற்றோடு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம், வெட்டித் திருப்பவும் வேண்டாம்.

லைட்டர் சாக்கெட் பெரும்பாலும் 120 வாட்ஸ், அதாவது 10 ஆம்பியர்தான் தாங்கும். பெரிய கம்ப்ரஸர் 20, 30 ஆம்பியர் இழுக்கும். அதிக ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஏமாற்றினால் வயர் கருகும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கிளிப் உள்ளதை வாங்குங்கள், இன்ஜினை ஓடவிட்டே அடியுங்கள். ரோட்டுக்கான அளவு டிரைவர் கதவுப் பக்கம் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அது டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு.

உங்கள் ஊர் என்பதால் ஒரு வார்த்தை: குதிரைமொழித் தேரி (செம்மணல் மேடு) காப்புக்காடு, அதாவது வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள காடு. மணல் பழக அங்கே வண்டியை இறக்காதீர்கள்.

ஆன்லைனில் ‘10 டன் டோ ரோப்’ மலிவாகக் கிடைக்கிறது. ஜிம்னிக்கு வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம். இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி வைத்த அந்தக் கயிறு, ரோட்டில் நின்றுபோன வண்டியை மெல்ல இழுத்துப் போகத்தான். புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுத்தால் கொக்கி பிய்த்துக்கொண்டு பறக்கும். மீட்புக்கு வேண்டியது நீண்டு சுருங்கும் கைனெட்டிக் கயிறு. அதன் அறுபடும் வலு, இழுக்கும் வண்டி, புதைந்த வண்டி இரண்டில் எடை குறைந்ததன் மொத்த எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்கட்டும். ஆட்களோடும் சாமானோடும் ஜிம்னி சுமார் ஒன்றரை டன் என்றால் நாலரை டன் கயிறு போதும். 10 டன் கயிறு ஜிம்னிக்கு நீளவே நீளாது. இழுக்கும் அதிர்ச்சி நேராக சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இறங்கும்.

மாட்டுவது சேஸிஸில் போல்ட் போட்ட மீட்புக் கொக்கியில் மட்டும். டிரெய்லர் இழுக்கும் டோ பாலில் கயிறு மாட்டி, அது பிய்ந்து பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்களே போயிருக்கின்றன. கயிற்றின் நடுவில் கனமான போர்வை அல்லது ஈரச் சாக்கைப் போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நிறுத்துங்கள். ஆனால் முதலில் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் வெட்டிவிட்டுக் காற்றையும் குறைத்துப் பாருங்கள். பல நேரம் கயிற்றுக்கே வேலை இருக்காது.

மலைப் பாதை எவ்வளவு செங்குத்து என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகர், மதுரை

ஓரளவு முடியும். சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் 1:50,000 அளவு வரைபடங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை சமஉயரக் கோடுகள்; அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயரம். பாதை ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து இடைவெளி ஏறினால், 500 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏற்றம், அதாவது ஐந்துக்கு ஒன்று. பொதுமக்களே பதியும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவில் ஓடும் ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆப்கள் இரண்டும் சிக்னல் இல்லாமலே வேலை செய்யும். அந்தத் தரவில் மண்பாதைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் உண்டு; ஐந்து என்றால் இளகிய மண். ஊர்க்காரர்கள் பதியாத பாதைகளும் ஏராளம்.

வரைபடத்தில் கோடு இருப்பது அனுமதி ஆகாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்பதற்கு மாற்று எந்த ஆப்பிலும் இல்லை.

ஜிம்னிக்குப் பெரிய டயரும் புல் பாரும் (முன்பக்கம் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பு) போடலாமா?
– வாசகர், ஈரோடு

டயர் சைஸ் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் 733. தரையிலிருந்து 20 மில்லிமீட்டர் உயரம் கூடும். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட சுமார் 6 சதவீதம் குறைத்துக் காட்டும், 4எல்லில் இழுவை அதே அளவு குறையும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வைத்து, கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அபராதம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய். புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்தக் காசில் நல்ல கம்ப்ரஸர் வாங்குங்கள்.