ஈரச் சுவரும் நாற்பது குறைகளும்

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய வீட்டுக்கு விலை பேசியிருக்கிறோம், இன்னும் கையெழுத்திடவில்லை. நாங்கள் அமர்த்திய ஆய்வாளரின் அறிக்கையில் நாற்பது குறைகள் உள்ளன. விற்பவரோ 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கிறபடியே விற்பனை என்கிறார். விட்டுவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: எண்ணிக்கையைக் கண்டு கலங்காதீர்கள், அம்மா. தளர்ந்த கதவுப்பிடியையும் விரிசல் விட்ட சுவரையும் ஒரே பட்டியலில் எழுதுவது ஆய்வாளரின் கடமை. தரம் பிரிப்பது வாங்குபவரின் வேலை.

நீங்கள் அனுப்பிய பக்கங்களில் என்னைக் கவலைப்படுத்துபவை இரண்டு. பின்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருப்பதாக ஓரிடத்திலும், அதற்கு நேர் வெளியே மண்ணைத் தாங்கும் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருப்பதாக வேறோர் இடத்திலும் எழுதியிருக்கிறார். இவை ஒரே நோயின் இரு அறிகுறிகளாக இருக்கக்கூடும். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில், மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றிச் சுவரை நெருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைக் கண்ட நமக்கு அதன் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை. புதுச் சாயம் அந்த ஈரத்தைச் சில மாதங்களுக்கு மறைக்குமே தவிரத் தீர்க்காது.

பூச்சில் மயிரிழையாக ஓடும் கீறல்களை விட்டுவிடலாம். செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப் போல ஏறி, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசலைக் கட்டுமானப் பொறியாளர் பார்த்தாக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடையாமல் இருந்தால் உடனடி ஆபத்தில்லை; அதைத் துளையிடவோ சுரண்டவோ கூடாது, மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வீட்டுத் தரகர் மூலம் விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தெரிந்தே மறைத்தவரை ஃபூட்ஸ்டூட்ஸ் காப்பாற்றாது என்றாலும், மறைத்தார் என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அதைவிட முக்கியம்: அறிக்கையில் படித்துவிட்ட குறையைப் பற்றிப் பின்னால் 'எனக்குத் தெரியாது' என்று வழக்காட முடியாது. ஆகவே வடிகாலைச் சீரமைப்பதையும், பின்னறைக்கு நகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் தருவதையும், நம் கடலோர வழக்கப்படி, வீட்டின் மரங்களை வண்டு அரிக்கவில்லை என்று காட்டும் மரவண்டுச் சான்றிதழையும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனைகளாக எழுதச் சொல்லுங்கள். வீட்டின் மின்கம்பி அமைப்பு விதிப்படி உள்ளது என்று காட்டும் மின்சாரச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய், பின்னறை அலமாரியை நகர்த்தச் சொல்லிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பொறியாளரை அனுமதிக்க விற்பவர் மறுத்தால், அப்போது விட்டுவிடுங்கள்.