மாதிரிப் பந்தயப் படகொன்றில் சிறிய காஸ் டர்பைன் இயந்திரத்தைப் பூட்டி ஓட்ட முடியுமா?

முடியும். கேட்டவர் 26 சீசீ பெற்றோல் இயந்திரம் பூட்டிய, கரையில் நின்று வானொலியால் இயக்கும், ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய பைபர் படகொன்று தம்மிடம் இருப்பதாகவும், அந்த இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மாதிரி விமானங்களுக்கென விற்கப்படும் டர்பைனைப் பூட்டி இரணைமடுக் குளத்தில் ஓடவிடலாமா என்றும் எழுதியிருக்கிறார். நான் கிளிநொச்சியில் நீரிறைக்கும் இயந்திரங்களும் படகு இயந்திரங்களும் திருத்துபவன். கனடாவிலிருந்து வந்த மைத்துனர் 80 நியூட்டன் உந்துவிசையுள்ள டர்பைனைத் தம் படகில் பூட்டியபோது கூட நின்று வேலை செய்தவன். இயந்திரத்தைப் பூட்டுவது நான்கு திருகாணி வேலைதான். தண்ணீரை அதன் வாயில் புகவிடாமலும், அதன் வெப்பத்தைப் படகின் உடலில் படவிடாமலும் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை.

டர்பைன் பின்னால் பீறிடும் சூடான வாயுத் தாரையால் படகை நேரே தள்ளப்போகிறதா, அல்லது அச்சொன்றைச் சுழற்றி நீரிலுள்ள விசிறியை ஓட்டப்போகிறதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நான் சொன்ன அளவுள்ள இயந்திரம் செக்கனுக்கு ஏறத்தாழக் கால் கிலோகிராம் காற்றை உள்ளிழுத்து, செக்கனுக்கு 320 மீற்றர் வேகத்தில் வெளியே தள்ளுகிறது. படகோ செக்கனுக்கு 30 மீற்றர், அதாவது மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினாலே பெரிய காரியம். இவ்விரு வேகங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தால், தாரைக்குக் கொடுக்கப்பட்ட சக்தியில் ஆறில் ஒரு பங்குதான் படகைத் தள்ளுகிறது. மாதிரி ஹெலிகொப்டர்களுக்கென இரண்டாவது டர்பைன் சக்கரமும் பற்சக்கரப் பெட்டியும் சேர்த்து, அச்சைச் சுழற்றும்படி செய்யப்படும் வகையில் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். அமெரிக்காவின் பெரிய ஹைட்ரோபிளேன் எனப்படும், நீரின்மேல் வழுக்கி ஓடும் பந்தயப் படகுகளும் சினூக் ஹெலிகொப்டரின் லைகொமிங் டி55 இயந்திரத்தைக் கொண்டு விசிறியைத்தான் சுழற்றுகின்றன. கணக்குப்படி அதுவே மேலானது. ஆயினும் வன்னிக் குளங்களுக்கு நான் தாரை முறையையே சொல்வேன். விசிறி இல்லையென்றால் திலாப்பியாவுக்கு விரித்த வலையும் தாமரைக்கொடியும் சுற்றிக்கொள்ள அச்சொன்று இராது; நீருக்குள் மீதியிருப்பவை சுக்கானும், திரும்பும்போது படகைச் சறுக்கவிடாமல் பிடிக்கும் சிறகும்தான்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழன்று, காற்றை உள்ளிழுத்து அழுத்தும் அமுக்கிச் சக்கரத்தின் அலுமினிய இதழ்களில் நீர்த்துளிகள் தொடர்ந்து மோதினால் இதழ்கள் அரிக்கப்படும். அள்ளி வீசியதுபோல் தண்ணீர் புகுந்தால் சுவாலையே அணைந்துவிடும். ஆகவே இயந்திரத்தைத் தளத்துக்குக் கீழே புதைக்காமல், மேலே ஒரு கூண்டுக்குள் வைத்து, காற்று வாயைக் கூண்டின் உயரத்தில் பின்பக்கம் பார்க்கத் திறந்து, காற்று ஒரு வளைவு வளைந்து உள்ளே செல்லும்படி செய்ய வேண்டும். செக்கனுக்கு 200 லீற்றர் காற்று வேண்டியிருப்பதால், இந்தத் திறப்பு அமுக்கியின் வாயைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் இயந்திர முகப்பின் கம்பி வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குளத்து நீர் கலங்கலாக இருப்பதால், துளி பட்ட இடங்களில் செம்மண் நிறப் பொட்டுகள் உலர்ந்து கிடக்கும். அவை கூடுதலாக இருக்கும் பக்கத்திலிருந்துதான் நீர் தெறித்து வருகிறது. எங்கள் படகில் அவை இடப்பக்கக் கீழ்மூலையில் மட்டுமே இருந்தன. அங்கே இரண்டு விரல் அகலத் தகடு ஒன்றை ஒட்டியதும் நின்றுவிட்டன. நந்திக்கடல் போன்ற உப்பு நீரில் ஓட்டும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

வெளியேறும் வாயுவின் வெப்பம் 500 முதல் 700 பாகை செல்சியஸ் வரை இருக்கும். பைபரைப் பிணைக்கும் சாதாரண பசையோ 100 பாகைக்குள்ளேயே இளகத் தொடங்கும். துருப்பிடிக்காத உருக்கில் இரட்டைச் சுவர்க் குழாய் செய்து, அதன் முன்வாயை விரித்து, இயந்திரத்தின் வாலுக்கும் அதற்கும் இடையே இடைவெளி விட்டால், தாரையே குளிர்ந்த காற்றை இழுத்துக்கொண்டு குழாயைக் குளிர்விக்கும். அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் பின்பலகையின் வெள்ளைப் பூச்சு முதல் ஓட்டத்திலேயே தேநீர் நிறமாகிவிடும்.

எரிபொருள் மண்ணெண்ணெய், அச்சைத் தாங்கும் பேரிங்குகளுக்கு மசகாக நூற்றுக்கு ஐந்து பங்கு டர்பைன் எண்ணெய் கலக்க வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய நம்மவர்களுக்கு இது புதிதல்ல என்றாலும், அந்த இயந்திரங்கள் பொறுத்த அழுக்கை இது பொறுக்காது. நன்றாக வடித்தே ஊற்ற வேண்டும். முழு வேகத்தில் நிமிடத்துக்குக் கால் லீற்றர் செலவாகும். படகு குலுங்கும்போது குழாயில் காற்றுக்குமிழி வந்தால் சுவாலை அணையும் என்பதால், பெரிய எரிபொருள் தாங்கிக்கும் பம்பிக்கும் இடையில் எப்போதும் நிரம்பியிருக்கும் சிறு தாங்கியொன்று கட்டாயம் வேண்டும். தொடக்க மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இயந்திரத்துடனேயே வரும். அவற்றைக் கையேட்டின்படி இணைத்து, வானொலிச் சமிக்ஞை அறுந்தால் எரிபொருள் தானாக நிற்கும்படி அமைத்தால் போதும். அருகில் காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் இருக்கட்டும். தூள் வகை இயந்திரத்தைக் கெடுத்துவிடும்.

நீர்மட்டத்தில் சுழலும் விசிறி படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். அதை எடுத்துவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து முகம் நிமிரும். எனவே பற்றரியையும் தாங்கியையும் முன்னே தள்ள வேண்டும். மேலேயிருந்து தள்ளும் தாரை முகத்தைக் கீழே அழுத்தும் என்பது நன்மைதான். ஆனால் வேகத்தில் ஓடும்போது விசையைச் சட்டென்று குறைத்தால் அந்த அழுத்தமும் உடனே அற்றுப்போகும். 1967 ஜனவரி 4ஆம் திகதி, நீரில் வேகச் சாதனைக்கு முயன்ற டொனால்ட் கெம்பெலின் தாரைப் படகான புளூபேர்ட் கே7 முகம் தூக்கிக் கவிழ்ந்ததற்கு, உந்துவிசை இழந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே விசையை மெல்ல மெல்லவே குறையுங்கள். குறைத்த பின்னும் டர்பைன் சிறிதளவு தள்ளிக்கொண்டே இருக்கும். பின்னோக்கிச் செலுத்தவும் வழியில்லை.

நம் ஊர் வெயிலில் காற்று 35 பாகையைத் தொடும்போது, 15 பாகைக்குக் குறிக்கப்பட்ட உந்துவிசையில் பத்தில் ஒரு பங்கேனும் குறையும். சோளகக் காற்று எழுந்துவிட்டால் அலையும் சேரும். ஆதலால் விடியற்காலையே உகந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் அனுமதி கேளுங்கள். மீன்பிடிச் சங்கத்தாரிடம் அன்று வலை எங்கே கிடக்கிறது என்று விசாரியுங்கள். நீர் வற்றும் மாதங்களில் பட்டமரக் கட்டைகள் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மறைந்து நிற்பதால், ஓடுபாதையைத் தோணியில் ஒருமுறை சுற்றிப் பார்த்த பின்பே படகை இறக்குங்கள். நின்றுபோன படகை இழுத்துவரவும் அதே தோணி வேண்டியிருக்கும்.