புலி சரி, காடு எங்கே?

வனவிலங்குப் படங்களைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறை எடுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயரைப் போடுவதில்லை. ஒரு முறை போட்டதில், அவர் வாங்கிய லென்ஸின் விலை வீட்டுக்குத் தெரிந்துபோய், போன் எனக்கு வந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: இருப்பது பெங்களூரு அல்சூரில். சிவாஜிநகரில் ஒரு கலர் லேபில் 22 வருஷம் பிரின்ட் போட்டவன். நானும் படம் எடுப்பேன். ஆனால் கற்றுக்கொண்டதெல்லாம் கவுன்ட்டரில் மற்றவர்கள் கொண்டுவந்து கொடுத்த ஃபிலிம் ரோல்களில்தான்.

கேள்வி: போன வருஷம் 600 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். மூன்று முறை கபினி காட்டுக்குப் போனேன். புலி கிடைத்தது. மீசை முடியை எண்ணலாம், அவ்வளவு ஷார்ப். ஆனால் பார்க்கிறவர்கள் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். என்ன குறை? (ஹெப்பாளிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர்)

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். புலியிலும் குறை இல்லை, லென்ஸிலும் குறை இல்லை. முகம் ஃபிரேம் முழுக்க நிற்கிறது, பின்னால் பச்சையாக ஒரு களிம்பு. எடுத்தது கபினியிலா, பன்னேர்கட்டா பூங்காவின் கம்பி வேலிக்குள்ளா என்று அந்தப் புலியைக் கேட்டால்தான் தெரியும். நீளமான லென்ஸின் குணமே அது. தூரத்தில் இருப்பதை இழுத்து வரும், வரும்போது சுற்றியிருப்பதையெல்லாம் உதறிவிட்டு வரும்.

1998 வாக்கில் மைசூர்–ஊட்டி தடத்தில் பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர், சேலத்துக்காரர், ஒரு ரோல் கொண்டுவந்தார். முக்கால்வாசி மகளின் காதுகுத்து. நடுவில் ஒரே ஒரு படம், பந்திப்பூரில் விடிவதற்கு முன்னால் எடுத்தது. (அந்த ரோட்டில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது 2009-இல்தான்.) யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது. மனிதர் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை, முன் கண்ணாடி வழியாகவே எடுத்திருக்கிறார். கண்ணாடியில் வைப்பர் துடைத்த இடம் பிறை மாதிரி தெளிவாக இருக்கிறது, அதற்கு வெளியே தூசி. மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. ஓரத்தில் முருகன் ஸ்டிக்கரின் பின்பக்கம், வேலின் நுனி மட்டும். ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பெரிய யானையின் பின்புறம். அதன் வயிற்றுக்கடியில் குட்டியின் கால்கள் நான்கு. குட்டி தெரியாது, கால்கள்தான் தெரியும்.

"இந்தக் கண்ணாடி, பழம் எல்லாத்தையும் வெட்டிட்டு யானையை மட்டும் பெருசு பண்ணிக் குடுங்க தம்பி" என்றார். பண்ணிக் கொடுத்தேன். பொரிப்பொரியாக ஒரு சாம்பல் நிறச் சுவர் வந்தது. அவருக்குத் திருப்தி, வாங்கிக்கொண்டு போனார். முழு ஃபிரேமுக்கு நான் போட்ட டெஸ்ட் பிரின்ட் மட்டும் என் பீரோவில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் நான் மாலை போடாத குறையாக மாட்டி வைத்திருக்கும் என் சொந்தப் படங்களைத் தாண்டிப் போய், அதைக் கையில் எடுக்கிறார்கள். எடுத்து, "அப்புறம்? யானை வழி விட்டுச்சா?" என்று கேட்கிறார்கள்.

உங்கள் புலியைப் பார்த்து யாரும் "அப்புறம்?" என்று கேட்பதில்லை. கேட்க அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை.

உலகம் திரும்பிப் பார்த்த படங்களையும் இதே கண்ணால் பாருங்கள். மும்பை ஆரே காலனியில் குடியிருப்புச் சந்து ஒன்றில் இரவில் நடந்து வரும் சிறுத்தையை நயன் கானோல்கர் எடுத்தார். 2016-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் நகர்ப்புறப் பிரிவில் பரிசு வாங்கிய படம். அதில் பாதி சிறுத்தை, பாதி சந்து. ஃபிளாஷ் வெளிச்சத்தைச் சந்து விளக்கு மாதிரி அமைத்துவிட்டு நான்கு மாதம் முயன்றிருக்கிறார். லாஸ் ஏஞ்சலீஸில் ஹாலிவுட் எழுத்துகளுக்கு முன்னால் நடந்து போகும் பி-22 என்ற மலைச்சிங்கத்தை (பூமா) 2013-இல் ஸ்டீவ் வின்டர் எடுத்ததும் அப்படித்தான், 15 மாதம். 2020-இல் அதே லண்டன் போட்டியில் முதல் பரிசு வாங்கிய செர்கே கோர்ஷ்கோவின் படத்தில், ரஷ்யாவின் அமுர்ப் பெண்புலி ஒரு கிழட்டு ஃபர் மரத்தைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைத் தேய்க்கிறது. 'இது என் எல்லை' என்று மரத்தில் வாசனை வைக்கிறது. தானியங்கி கேமராவில் அது விழ 11 மாதம் ஆனது. மரத்தை வெட்டி எடுத்துவிட்டால் அங்கே கண்ணை மூடிய ஒரு புலிதான் மிச்சம்.

என் வாதத்துக்கு இடிக்கிற படமும் ஒன்று உண்டு, அதுவும் உங்கள் கபினியிலேயே. 2020-இல் ஊரே பகிர்ந்துகொண்ட படம்: புள்ளிச் சிறுத்தை முன்னால், கருஞ்சிறுத்தை பின்னால், அதன் நிழல் எழுந்து நின்ற மாதிரி. இரண்டும் ஒரே இனம்தான், ஒன்றுக்கு மட்டும் நிறமி தூக்கல். அதில் காடு பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பேசுவது அந்த ஜோடி. எடுத்த மிதுன் ஒரே இடத்தில் ஆறு நாள் காத்திருந்தார். ஆக, இடமாவது இருக்க வேண்டும், உறவாவது இருக்க வேண்டும். வெறும் முகம் ஆதார் கார்டுக்குப் போதும்.

அடுத்த முறை ஏப்ரலில் போங்கள். கபினியில் தண்ணீர் வற்றி, புல் முளைத்த கரையில் யானைகள் இறங்கும். தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நின்றுகொண்டிருக்கும். அவ்வளவு தூரம் இழுக்காத 70-200 லென்ஸை மட்டும் எடுத்துப் போங்கள். 600-ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போனால், அதன் விலையைப் பற்றிய பேச்சும் கொஞ்சம் அடங்கும்.

கேள்வி: எந்த கம்பெனி கேமரா நல்லது? (திருப்பத்தூர் வாசகர்)

உங்கள் மைத்துனரிடம் எந்த கம்பெனி இருக்கிறதோ அது. லென்ஸ் கடன் வாங்கலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது போன் மட்டும். சஃபாரிக்குக் காசும் இல்லை. நான் வனவிலங்குப் படம் எடுக்க முடியுமா? (ஓசூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

போனில் தூரத்து மிருகம் வராது. அதனால் அது உங்கள் பக்கத்தில் வரும் இடத்துக்குப் போங்கள்.

காலையில் எங்கள் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் வாருங்கள். கறிக்கடைகளுக்கு மேலே பருந்துகள் வட்டம் போடும். கடைக்காரர் ஒரு ஜவ்வைத் தூக்கிப் போட்டால், தரையைத் தொடுவதற்குள் கால் நகம் கவ்விவிடும். பருந்தைப் பெரிதாக எடுக்கப் பார்க்காதீர்கள். பழைய கட்டடத்தின் வளைவு, கரன்ட் கம்பி, அண்ணாந்து பார்க்கும் மனிதர், நடுவில் விரிந்த ஒரு ஜோடிச் சிறகு. போன் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். இங்கே அது வசதி.

அப்புறம், ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் ஒரு நாள் கொக்கரே பெள்ளூர். பெங்களூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், மத்தூர் பக்கம். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்: கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்கு நடுவில் புளியமரத்தில் கூடு கட்டும், எச்சம் வயலுக்கு உரமாகும். நான் போன அன்று ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே கூட்டில், குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையைக் கழுத்து வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. மேலிருந்து பாதி செரித்த ஒரு மீன் முறத்துக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. பாட்டி நிமிர்ந்து பார்க்காமல், முறத்தை மட்டும் ஒரு சாண் நகர்த்தி வைத்தார். நான் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் போனைக் கையிலேயே வைத்திருப்பீர்கள்.

பஸ் காசு மிச்சம் இருந்தால், ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் ரங்கனதிட்டு பறவைச் சரணாலயம். அங்கே படகு தண்ணீரோடு ஒட்டிப் போவதால் பாறையில் வாய் பிளந்து கிடக்கும் முதலையின் கண்ணும் உங்கள் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். மேலே இருந்து எடுத்தால் அது செருப்பு மாதிரி தெரியும்.

கேள்வி: ஒரு சஃபாரியில் 2000 படம் எடுக்கிறார்கள். மா. கிருஷ்ணன், டி.என்.ஏ. பெருமாள் மாதிரி அந்தக் காலத்து வனவிலங்குப் படக்காரர்களின் கனம் ஏன் இல்லை? (கோலார் தங்கவயலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சார், அந்தக் காலத்துக் குப்பையை நான் பார்த்திருக்கிறேன். மொட்டை வானத்தில் புள்ளியாக ஒரு கழுகு, மானின் வால், ஜீப்பின் கதவு. நல்லது மட்டும் தங்கியதால் எல்லாமே நல்லதாக இருந்தது போல் தோன்றுகிறது. கூட்டுக்குப் பக்கத்தில் மறைவு கட்டிப் பறவையை எடுப்பதும் அன்றைய வழக்கம், இன்று செய்தால் சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும்.

ஆனாலும் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்று செய்துகொண்டவர். யானை மேல் உட்கார்ந்து கறுப்பு வெள்ளையில் எடுத்த அவர் படங்களில், ஆனை எந்தக் காட்டில் எந்தப் புல்லில் நிற்கிறது என்பது தெரியும். பெருமாள் எங்கள் பெங்களூர்க்காரராகவே 2017 வரை இருந்தார். ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்த படக்காரரிடம் தொழில் கற்றவர். அன்றைக்கு ஒரு ரோலுக்கு அதிகம் போனால் 36 படம்தான்.

அந்த 36-க்கு என்ன மதிப்பு என்று எனக்குப் புரிந்தது என் தப்பினால். நெகட்டிவைக் கழுவும் டெவலப்பர் மருந்து 38 டிகிரியில் இருக்க வேண்டும், 3 நிமிஷம் 15 வினாடி. ஒரு நாள் கரன்ட் போய், சூடு இறங்கியதை நான் கவனிக்கவில்லை. நாகரஹொளேயில் செந்நாய்க் கூட்டம் புள்ளிமானைத் துரத்திய ரோல் அது. சலவை செய்த வேட்டி மாதிரி வெளுத்து வந்தது. எடுத்தவர் என்னைத் திட்டவில்லை. கவுன்ட்டரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, "இது தலைவி ஓடைக்குள்ள இறங்குறது, இது மான் திரும்பிப் பார்க்குறது" என்று ஒன்று முதல் 36 வரை வரிசையாகச் சொன்னார். எனக்கு அதில் புகை மாதிரிதான் தெரிந்தது. 2000 எடுத்துக்கொண்டு வருகிறவரிடம் பதினேழாவது படம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரை வைத்து எடுப்பது, வளர்ப்பு மிருகத்தை எடுப்பது தப்பா? படம் நன்றாக இருந்தால் போதாதா? (கோயம்புத்தூர் வாசகர்)

2009-இல் அதே லண்டன் போட்டியில் முதல் பரிசு வாங்கியது, மர வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய். பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் மறுத்தார். 2017-இல் பரிசு பெற்ற படத்தில் பிரேசில் நாட்டு எறும்புத்தின்னி ஒன்று மினுக்கும் கரையான் புற்றை நோக்கிப் போகிறது. அந்தப் பூங்கா வாசலில் வைத்திருக்கும் பாடம் செய்த எறும்புத்தின்னியும் அதுவும் ஒன்று என்று அடுத்த வருஷம் நீக்கினார்கள். அவரும் மறுத்தார். வேடிக்கை என்னவென்றால், அது பரிசு வாங்கிய பிரிவு 'தன் சூழலில் விலங்கு'.

அந்த ஓநாய் இன்றும் அழகான படம்தான். ஆனால் அதைப் பார்க்கும்போது இப்போது நமக்கு ஓநாய் தெரிவதில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் கையில் கறித்துண்டோடு யாரோ நிற்பது தெரிகிறது.

எல்லா இரையும் ஒன்றல்ல. ஹம்பிக்குப் பக்கத்தில் தரோஜியில் பாறையில் வெல்லப்பாகு தடவி வைப்பார்கள், சாயங்காலம் கரடிகள் இறங்கி வந்து நக்கும், கோபுரத்திலிருந்து பார்க்கலாம். நானும் எடுத்திருக்கிறேன். படத்துக்குக் கீழே 'வெல்லம் தடவிய பாறை' என்று எழுதித்தான் கொடுப்பேன். ஆந்தைக்கு முன்னால் உயிருள்ள எலியைக் கயிற்றில் கட்டுகிற ஆசாமிகளோடு டீ கூடக் குடிக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் தேவாங்கு இருக்கிறதாம். பிளஸ் ஒன் படிக்கும் மகன் ஃபிளாஷ் வைத்து எடுக்க வேண்டும் என்கிறான். விடலாமா? (மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு தாய்)

இருக்கிறது அம்மா, நானும் பார்த்திருக்கிறேன். நகரத்துக்கு நடுவில் தேவாங்கு பிழைத்திருப்பது சின்ன விஷயமில்லை. நம் தமிழ்நாட்டில், கரூர்–திண்டுக்கல் பக்கம் கடவூரில் அதற்கென்றே சுமார் 11,800 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தது 2022-இல்தான். அதுவரை நமக்கு அது மெலிந்த பிள்ளையைத் திட்டுகிற ஒரு வார்த்தை.

ஃபிளாஷ் வேண்டாம். இருட்டில் பார்ப்பதற்கென்றே அமைந்த கண் அது, முகத்தில் பாதி கண்தான். வெள்ளை வெளிச்சம் பட்டால் கூசிப்போய், கிளையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அந்த நிலையில் எடுத்த படத்தில் இருப்பது தேவாங்கின் குணமல்ல, உங்கள் மகனுக்கு அது பயந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் சிவப்பு வெளிச்சத்தில்தான் தேடுகிறார்கள்.

வளாகத்தில் முதலில் அனுமதி கேட்கட்டும், கூட ஒரு பெரியவர் போகட்டும். மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொடுகிற இடமாகப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள், தேவாங்கு தாண்டிக் குதிக்காது, பிடித்துப் பிடித்துத்தான் போகும். கிளை விட்டுப்போன இடத்தில் கேபிள் ஒயரைக் கூடப் பிடித்துக்கொண்டு போகும். நான் எடுத்த ஒரே உருப்படியான தேவாங்குப் படம் அதுதான்: ஒயர், தூரத்தில் ஒரு ஹாஸ்டல் ஜன்னல், நடுவில் இரண்டு ஆரஞ்சுப் பொட்டுகள். பாதிப் பேர் அதைப் பார்த்து "இதில் மிருகம் எங்கே?" என்று கேட்பார்கள். கண்டுபிடித்தவர்கள் படத்தைக் கீழே வைக்க மாட்டார்கள்.

சிவப்பு செலோபேன் காகிதம் அவென்யூ ரோடு ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும். இரண்டு மடிப்பாக டார்ச்சின் வாயில் சுற்றி ரப்பர் பேண்ட் போடச் சொல்லுங்கள். ஒரு மடிப்பு போதாது, போட்டுப் பார்த்திருக்கிறேன்.