விரல் வலிக்கு வயது காரணமல்ல: கிட்டார் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 46, பள்ளி ஆசிரியை. மகனுக்கு வாங்கிக் கொடுத்து, அவன் தொடாமல் விட்டுவிட்ட அக்கூஸ்டிக் கிட்டாரை மூன்று வாரமாக நானே பழகி வருகிறேன். பத்து நிமிடத்திலேயே விரல் நுனிகள் கன்றிப் போகின்றன. எவ்வளவு அழுத்தினாலும் சுரம் தெளிவாகக் கேட்பதில்லை. இந்த வயதில் தொடங்கியது தவறா?
– வாசகி, திருவாரூர்

பதில்: தவறே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், குறை உங்கள் விரலில் இருப்பதைவிட அந்தக் கிட்டாரில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மகனின் ஜியாமெட்ரி பெட்டியிலுள்ள ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். பெரும்பாலும் இரட்டைப் புள்ளி வைத்திருக்கும் இடம் 12ஆவது ஃப்ரெட். அந்த ஃப்ரெட் கம்பியின் உச்சிக்கும், தடித்த ஆறாம் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அது ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரும், மெல்லிய முதல் தந்திக்கு 2 மில்லிமீட்டரும் இருந்தால் நல்லது. 4 மில்லிமீட்டர் இருந்தால், பல ஆண்டுகள் வாசித்தவருக்கும் அது வலிக்கும். அடுத்து, ஒரு தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட் கம்பிக்கு மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். அதைவிட அதிகமாக இருந்தால், தலைப்பக்கத்தில் தந்திகள் உட்கார்ந்திருக்கும் நட் என்ற துண்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன என்று பொருள்.

முறுக்கேற்றிய தந்திகளோடு ஆண்டுக்கணக்கில் மூலையில் சாய்த்து வைக்கப்பட்ட கிட்டாரின் கழுத்து முன்பக்கமாக வளைவதும், மேல்பலகை உப்புவதும் சகஜம். கழுத்தினுள் ஓடும் இரும்புத் தண்டைத் திருகி வளைவை எடுப்பது, மேல்பலகைப் பக்கம் தந்திகளைத் தாங்கும் சாடில் என்ற துண்டைத் தேய்த்து உயரத்தைக் குறைப்பது, நட்டின் பள்ளத்தை ஆழப்படுத்துவது ஆகிய மூன்றும் பழுது பார்ப்பவருக்கு ஒரு நாள் வேலைதான். வீட்டில் நீங்களே முயலாதீர்கள். பழைய தந்திகளையும் கழற்றிவிட்டு, முதல் தந்தி 0.010 அல்லது 0.011 அங்குலம் உள்ள மெல்லிய தொகுப்பைப் போடச் சொல்லுங்கள். இதை நான் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் பழகத் தொடங்கிய கிட்டாரோடு எட்டு மாதம் போராடி, எனக்கு விரல் வலு இல்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். ஒரு முதியவர் அதன் சாடிலைக் கழற்றி, உப்புத்தாளில் பத்து நிமிடம் தேய்த்து, மீண்டும் பொருத்தித் தந்த மாலையில்தான் முதன்முறையாக ஆறு தந்திகளும் ஒருசேரப் பேசக் கேட்டேன்.

கிட்டார் சரியான பிறகு, எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை விரலுக்குக் கற்றுக் கொடுங்கள். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல், ஆனால் அதன் மேல் ஏறாமல், அதற்குச் சற்றுப் பின்னால் விரல் நுனியை வையுங்கள். முதலில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் ஓசை செத்துக் கேட்கும். மீட்டிக்கொண்டே துளித்துளியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். எந்த இடத்தில் சுரம் தெளிகிறதோ அந்த அழுத்தம் போதும். பெரும்பாலோர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்துகிறார்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம் வாசித்தால், நுனித்தோல் சில வாரங்களில் தடித்துவிடும். பாத்திரம் கழுவியதும் குளித்ததும் தோல் ஊறியிருக்கும். அப்போது வாசிக்க வேண்டாம். விரல் நுனி வலி பழகப் பழகப் போய்விடும். மணிக்கட்டு வலியும் விரல் மரத்துப்போவதும் அப்படிப்பட்டவை அல்ல. அவை வந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகளுக்கு நைலான் தந்தி கிட்டார் வாங்கினேன். ஓசை சன்னமாக இருக்கிறது என்று, அதில் ஸ்டீல் தந்தி போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: போடவே கூடாது. ஆறு நைலான் தந்திகள் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இழுக்கின்றன என்றால், வழக்கமான ஸ்டீல் தந்திகள் சுமார் 70 கிலோ விசையில் இழுக்கும். நைலானுக்கென்று மெல்லிதாகச் செய்த மேல்பலகையும், அதில் ஒட்டி, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜும் அந்த இழுவையைத் தாங்காமல் பெயர்ந்துவிடும். குழந்தை விரலுக்கு நைலானே நல்லது. ஒன்பது வயதுக்குப் பெரும்பாலும் முக்கால் அளவு கிட்டார் பொருந்தும். அந்தச் சன்னமான ஓசைக்குள் ஒரு கனிவு இருக்கிறது; மகளின் காது அதில் பழகட்டும்.

கேள்வி: ஒவ்வொரு கார்டையும் (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் பிடி) தனித்தனியாகப் பிடிக்கிறேன். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பாட்டு நின்றுவிடுகிறது. எஃப் கார்ட் வரவே இல்லை.
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மாறும்போது எல்லா விரல்களையும் தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் தேடி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்த விரல் நகர வேண்டியதில்லை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். சி மேஜரில் ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டிலும், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், மோதிர விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும் இருக்கின்றன. ஏ மைனருக்குப் போக, மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வைத்தால் முடிந்தது; மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஒரு மாற்றத்தை நிமிடத்துக்கு 60 தட்டு வைத்த மெட்ரோனோம் என்ற தாளக் கருவியோடு, ஒவ்வொரு கார்டுக்கும் நான்கு தட்டு என்று வாசியுங்கள். நாலாவது தட்டில் இடக்கை தடுமாறினாலும் வலக்கை நிற்கக் கூடாது. பாட்டைத் தாங்குவது வலக்கையின் தாளம்தான். ஒரு கார்ட் அரைகுறையாக ஒலித்தால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார், தாளம் அறுந்தால் பொறுக்க மாட்டார். தடுமாற்றம் ஓயவில்லை என்றால் 50க்கு இறக்குங்கள். வேகத்தைக் கூட்ட அவசரப்படாதீர்கள்.

ஆறு தந்திகளையும் ஆள்காட்டி விரலால் குறுக்கே அழுத்தும் எஃப் கார்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சி மேஜரைப் பிடித்தபடியே, ஆள்காட்டி விரலை அசைக்காமல், மற்ற இரண்டு விரல்களையும் அதே ஃப்ரெட்டுகளில் அடுத்த மெல்லிய தந்திக்கு ஒரு படி இறக்குங்கள். அதாவது நடுவிரல் மூன்றாம் தந்திக்கும் மோதிர விரல் நான்காம் தந்திக்கும் வரும். தடித்த இரண்டு தந்திகளை விட்டு மீதி நான்கை மட்டும் மீட்டினால் கேட்பது எஃப் மேஜர் செவன். எஃப் வரும் பெரும்பாலான இடங்களில் அது பாட்டைக் கெடுக்காது. முழு எஃப்பை ஆறு மாதம் கழித்து முயலலாம்.

விரல் அமைப்பைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். 1928இல் நேர்ந்த தீ விபத்தில் அவருடைய இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. எஞ்சிய இரண்டு விரல்களை முதன்மையாக வைத்தே அவர் ஜாஸ் கிட்டாரின் மாபெரும் கலைஞர்களில் ஒருவரானார்.

கேள்வி: கடலோர ஊரில் இருக்கிறோம். தந்திகள் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உப்புக்காற்றோடு விரல் வியர்வையும் சேர்வதே காரணம். வாசிக்கும் முன் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாகத் துடையுங்கள். கிட்டாரைச் சுவரில் மாட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசையே இளகிவிடும்.

கேள்வி: எட்டு ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவள். டியூனர் செயலி வைத்துச் சுருதி சேர்த்த பிறகும் சில கார்டுகள் என் காதுக்குச் சற்றுப் பிசகாகவே கேட்கின்றன. என் காதில் கோளாறா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் காது மிகச் சரியாகக் கேட்கிறது. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்துப் பதிக்கப்பட்டவை. சுருதி சேர்ந்த தம்புராவில் தானாகப் பிறக்கும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் நிற்கிறது. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால், கிட்டாரின் காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 பங்கு மேலே இருக்கும். பஞ்சமத்தில் இந்த வேறுபாடு இரண்டு பங்குதான் என்பதால் அது உறுத்துவதில்லை. ஜி கார்ட் இனிமையாகக் கேட்கட்டும் என்று இரண்டாம் தந்தியைச் சற்று இறக்கினால், அதே தந்தி பஞ்சமமாக ஒலிக்கும் ஈ மைனரில் பிசகு தெரியும். எனவே டியூனர் காட்டுவதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கார்டிலும் இசைக்கும்படி செய்துகொண்ட சமரசம் அது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகும்போது எப்போதும் கீழ்ச் சுருதியிலிருந்து மேலேற்றியே சேருங்கள். மேலிருந்து இறக்கிச் சேர்த்த தந்தி நான்கு மீட்டலுக்குள் தளர்ந்துவிடும். கார்ட் பிடிக்கும்போது விரல் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளுகிறதா என்றும் பாருங்கள். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா போன்றோர் தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவருகிறார்கள். பழகுபவரின் விரலும் அறியாமல் அதையே செய்து சுருதியை ஏற்றிவிடும்.

பாடிக்கொண்டே வாசிக்க, எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வி ஒன்று உங்களுக்குத் தேவை. ஐந்தரைக் கட்டையில் பாடுபவரானால், அதை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, ஜி மேஜரைப் பிடித்து, அதன் அடிச்சுரத்தையே ஷட்ஜமாகக் கொண்டு தொடங்குங்கள்.