அயர்லாந்தில் எந்த ஊர்?

போன இதழில் ஐரிஷ் பதிவேடுகளைப் பற்றி நாலு வரி எழுதப்போய், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

என் பாட்டியின் தாத்தா அயர்லாந்திலிருந்து மதராஸுக்கு வந்த சிப்பாய் என்று வீட்டில் சொல்வார்கள். குடும்பப் பெயர் மர்ஃபி. இணையத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் மர்ஃபிகள் வருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? – ஒரு வாசகி, பெரம்பூர்

அயர்லாந்தில் மர்ஃபியைத் தேடுவது மதுரையில் முருகனைத் தேடுகிற மாதிரிதான். அந்த நாட்டில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயரே அது. அதனால் இப்போதைக்கு அயர்லாந்தை மறந்துவிட்டுப் பெரம்பூரிலேயே ஆரம்பியுங்கள். பாட்டியின் ஞானஸ்நானச் சான்று, பழைய ஜெபப் புத்தகத்தின் உள்ளட்டையில் யாராவது எழுதிவைத்த பிறந்த தேதிகள், கல்லறைக் கல், எது கிடைத்தாலும் எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள், நடுவில் ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டாதீர்கள். மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகளை நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள், அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் கத்தோலிக்கக் கோயில்களின் பதிவுகள் எல்லாம் அப்படிப் போகவில்லை, எனவே பங்குக் கோயில் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.

சிப்பாய் என்றால் எந்த ரெஜிமென்ட் என்று தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பியபோது எழுதிய காகிதங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிறந்த பங்கு (அதாவது கோயில் வட்டாரம்), மாவட்டம், படையில் சேருமுன் செய்த தொழில் என்று நமக்கு வேண்டியது அதில்தான் கிடைக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய் என்றால் அந்தப் பட்டியல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். வீட்டில் சொல்வது நம்பும்படியாகவே இருக்கிறது, 1830இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் சுமார் 42 சதவீதம் பேர் ஐரிஷ்காரர்கள். மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற படைதான் 1881இல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் ஒரு பாதியானது.

(சொல்லாமல் போக மனசில்லை: 1760இல் வந்தவாசியில் மோதிக்கொண்ட இரண்டு தளபதிகளில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற அயர் கூட் லிமரிக்காரர், பிரெஞ்சுப் பக்கம் நின்ற லாலியின் அப்பா கால்வே மாவட்டத்து ஆள்.)

1922இல் டப்ளினில் எல்லா ஆவணங்களும் எரிந்துபோய்விட்டன, தேடுவதே வீண் என்கிறார்களே? – கோவை வாசகர்

பாதி உண்மை. உள்நாட்டுப் போரில் 1922 ஜூன் 30 அன்று ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்றக் கட்டடம் வெடித்து எரிந்தபோது பக்கத்திலிருந்த ஆவணக் காப்பகமும் போனது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சம். ஆனால் எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போட முடியாது. 1861, 1871 கணக்கெடுப்புப் படிவங்களை, கூட்டிக் கழித்து முடித்ததும் அரசாங்கமே அழித்தது. 1881, 1891 படிவங்களை முதல் உலகப்போர் சமயத்தில் காகிதக்கூழாக்கினார்கள். இதை நினைத்தால் எனக்குத் தீயைவிட அதிகமாக வயிறு எரியும்.

பிழைத்தது என்ன? புராட்டஸ்டன்ட் சபையின் பதிவேடுகளில் பலவும் பத்திரமாக இருக்கட்டும் என்று காப்பகத்துக்கு அனுப்பப்பட்டிருந்ததால் எரிந்தன, கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குக் கோயில் அலமாரியிலேயே கிடந்ததால் தப்பின! சுமார் 1880 வரைக்குமான அவற்றின் படங்களை ஐரிஷ் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாகப் போட்டது. பிறப்பு, இறப்பு, கத்தோலிக்கத் திருமணம் மூன்றும் 1864 முதல் அரசுப் பதிவில் உள்ளன. அப்புறம் கிரிஃபித் மதிப்பீடு: 1847 முதல் 1864 வரை ஊர் ஊராகப் போய் யார் எந்த நிலத்தில் இருக்கிறார், நிலக்கிழார் யார், எத்தனை ஏக்கர், வரிக்கு என்ன மதிப்பு என்று எழுதியது, நம்மூர் செட்டில்மென்ட் ரெஜிஸ்டர் மாதிரி. குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், பிள்ளைகள் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள்.

இதிலெல்லாம் சாவி 'டவுன்லேண்ட்'. பேரில்தான் டவுன், நிஜத்தில் பல இடங்களில் நாலைந்து வீடும் சில வயலும்தான். அப்படி அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. அந்தப் பெயர் கிடைக்காமல் அயர்லாந்துப் பதிவேட்டில் இறங்கினால் பொழுதுதான் போகும்.

1901 கணக்கெடுப்பில் 54 வயது, 1911இல் 71 வயது. பெயர், ஊர், மனைவி எல்லாம் பொருந்துகிறது. வேறு ஆளா? – நாகர்கோவில் வாசகர்

அதே ஆள்தான், பத்து வருஷத்தில் பதினேழு வயது ஏறியிருக்கிறது. காரணம் 1909 ஜனவரியில் வந்த முதியோர் ஓய்வூதியம்: 70 வயது ஆனவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங். பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது என்பதால் யாரிடமும் சான்று கிடையாது. '1839 ஜனவரி 6 ராத்திரி அடித்த பெருங்காற்று ஞாபகமிருக்கிறதா?' என்று கேட்டு வயதைச் சோதித்திருக்கிறார்கள். ஞாபகமில்லை என்று யார் சொல்வார்!

இதில் நமக்கு ஒரு லாபம். வயதை நிரூபிக்க அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்புகளைப் புரட்டிக் குடும்ப விவரத்தைத் தனிப் படிவத்தில் எழுதிக்கொண்டார்கள். மூலம் 1922இல் போய்விட்டது, அந்தப் படிவங்கள் இன்றும் டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் ஆள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பது அதில் இருக்கலாம்.

1911 படிவத்தைக் கண்ணால் பாருங்கள், தட்டச்சு செய்த சுருக்கத்தோடு நிற்காதீர்கள். அது குடும்பமே நிரப்பியது. கல்யாணமாகி எத்தனை வருஷம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்று மூன்று கட்டங்கள் உண்டு. '10' என்றும் பக்கத்தில் '6' என்றும் மையில் எழுதியிருப்பதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் போக மாட்டீர்கள்.

இணையத்தில் எங்கள் வம்சாவளியை யாரோ ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? – திருச்சி வாசகி

எடுக்காதீர்கள். ஆனி மூர் கதையைக் கேளுங்கள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் உள்ளே போன பெண் அவர், கார்க் ஊர்க்காரி, இரண்டு தம்பிகளோடு 'நெவாடா' கப்பலில் வந்தவர். பத்து டாலர் தங்கக்காசு கொடுத்து வரவேற்றார்கள். பின்னாளில் அவர் டெக்சாஸ் போய் அங்கே டிராம் மோதி இறந்தார் என்று ரொம்ப காலம் எல்லோரும் நம்பினார்கள், அந்தக் குடும்பத்தார் விழாக்களுக்கெல்லாம் அழைக்கப்பட்டார்கள். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் பதிவுகளைப் பார்த்தபோது டெக்சாஸ் ஆனி இல்லினாயில் பிறந்தவர் என்று தெரிந்தது! ஆயிரம் டாலர் பரிசு அறிவித்துத் தேடி, 2006இல் நிஜ ஆனியைக் கண்டுபிடித்தார்கள். அவர் நியூயார்க்கைவிட்டுப் போகவே இல்லை. அங்கேயே கல்யாணம் பண்ணி, நிறையப் பிள்ளைகள் பெற்று, 1924இல் இறந்து, பெயர்க்கல்கூட இல்லாத கல்லறையில் கிடந்தார். ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே வயது, சரிபார்க்காத ஒரு வீட்டுக் கதை, இவ்வளவும் போதும் ஒரு நாடே தப்பான ஆளைக் கொண்டாட.

தாத்தா அயர்லாந்தில் பிறந்தவர் என்றால் பாஸ்போர்ட் கிடைக்குமா? – பெயர் வேண்டாம், போத்தனூர்

தாத்தாவோ பாட்டியோ அந்தத் தீவில் பிறந்திருந்தால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேர்ந்து குடியுரிமை பெறலாம். கொள்ளுத்தாத்தா என்றால் பொதுவாகக் கிடையாது, நீங்கள் பிறக்கும் முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ பதிவு செய்திருந்தால் தவிர.

மருமகளின் முன்னோர் ஒருவர் 'அனாதைப் பெண்கள் கப்பலில்' ஆஸ்திரேலியா வந்தவராம். அப்படி ஒன்று இருந்ததா? – மெல்போர்னிலிருந்து ஒரு மாமியார்

இருந்தது. அயர்லாந்தின் பஞ்ச காலத்தில், 1848க்கும் 1850க்கும் நடுவில், ஏழைகள் விடுதிகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதுப் பெண்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். சிட்னியில் இறங்கியவர்களின் கப்பல் பட்டியலில் பெற்றோர் பெயரும் சொந்த ஊரும் உண்டு. மெல்போர்ன் என்றால் அவர் இறந்த சான்றை வாங்குங்கள். விக்டோரியாவில் 1853 முதல் இறப்புப் பதிவில் தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், எத்தனை வருஷம் காலனியில் இருந்தார், பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுதுவார்கள். சொன்னது துக்க வீட்டிலிருந்த மருமகனாக இருந்தால் ஒன்றிரண்டு தப்பிருக்கும்.

பிள்ளைகள் பெயரைக் கவனியுங்கள். முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்று வைப்பது ஐரிஷ் வீடுகளில் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் மனைவி ஐரிஷ் அமெரிக்கர். கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பட்டியலில் 'அயர்லாந்து' என்று ஒரே சொல். அடுத்து என்ன? – நியூ ஜெர்சி வாசகர்

1850இல் நியூயார்க்கில் ஐரிஷ் குடியேறிகளுக்காக எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி தொடங்கியது. பணம் எடுக்க வருபவர் அதே ஆள்தானா என்று சோதிக்க, கணக்குத் தொடங்கும்போதே சொந்த ஊர், வந்த கப்பல், பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டது. அந்தப் புத்தகங்கள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

இன்னொன்று, பாஸ்டனின் 'பைலட்' பத்திரிகை. 1831 முதல் 1921 வரை அதில் காணாமல்போன சொந்தக்காரர்களைத் தேடி விளம்பரம் வந்துகொண்டே இருந்தது: இன்ன மாவட்டம், இன்ன பங்கு, இன்ன வருஷம் கப்பலேறினார், கடைசியாக ரயில்பாதை வேலையில் இருப்பதாகக் கேள்வி, என்கிற மாதிரி. தேடும்போது காணாமல்போனவர் பெயரோடு விளம்பரம் கொடுத்தவர் பெயரையும் போட்டுப் பாருங்கள். குடும்பப் பெயரின் முன்னால் ஒட்டிவரும் ஓ', மேக் இரண்டையும் எடுத்துவிட்டும் ஒருமுறை. பெண் என்றால் பிரிட்ஜெட் அமெரிக்காவில் டீலியா ஆகியிருப்பார்.