‘8 ரிக்டர் தாங்கும் வீடு’ என்ற சான்றிதழை நம்பலாமா?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்க முன்பணம் கொடுக்க இருக்கிறோம். கட்டடம் 8 ரிக்டர் வரை தாங்கும் என்று இடைத்தரகர் ஒரு சான்றிதழைக் காட்டுகிறார். அதை நம்பலாமா?

பதில்: அந்தத் தாளை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கட்டடம் இத்தனை ரிக்டர் தாங்கும் என்று எந்தப் பொறியாளராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. அந்த எண் நிலநடுக்கத்தைப் பற்றியது. உங்கள் கட்டடத்தைப் பற்றியது அன்று.

பூமிக்கடியில் பாறைப் பிளவின் இரு பக்கங்களும் இறுகிக் கிடந்து, இறுக்கம் தாங்காமல் திடீரெனச் சறுக்கும்போது நிலம் நடுங்குகிறது. எவ்வளவு பரப்பு சறுக்கியது, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பவற்றைப் பொறுத்தே செய்தியில் வரும் எண் அமைகிறது. சார்லஸ் ரிக்டர் 1935இல் கலிபோர்னியாவுக்காக வகுத்த அளவுகோல் மிகப் பெரிய நிலநடுக்கங்களைக் குறைத்துக் காட்டியதால், சறுக்கிய பரப்பையும் நகர்ந்த தூரத்தையும் கொண்டு கணக்கிடும், 1979இல் அறிமுகமான உந்தத்திறன் ஒப்பளவையே அத்தகைய நிலநடுக்கங்களுக்கு ஆய்வு மையங்கள் கையாள்கின்றன. அப்படியிருந்தும் செய்திகளில் இன்றுவரை ‘ரிக்டர்’ என்றே வாசிக்கிறார்கள். அந்த அலட்சியம்தான் தரகர்களுக்கு விற்பனைச் சொல்லாகப் பயன்படுகிறது. இந்த எண்ணில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகும்.

உங்கள் வீட்டை ஆட்டுவது அந்த எண் அன்று, வீட்டுக்கு அடியிலுள்ள நிலத்தின் அசைவு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு மேற்கே 2010 செப்டம்பரில் 7.1 அளவில் நிலம் நடுங்கியபோது, இடிபாடுகளில் சிக்கி ஒருவரும் இறக்கவில்லை. 2011 பிப்ரவரியில் வந்ததோ 6.2தான், ஆனால் அது நகரத்தை ஒட்டி, குறைந்த ஆழத்தில் நிகழ்ந்ததால் 185 பேர் உயிரிழந்தனர்.

அப்படியானால் தொலைவில் இருந்தால் போதுமே என்று எண்ணிவிடவும் கூடாது. 1985இல் மெக்சிகோவின் பசிபிக் கடலோரத்தில் ஏற்பட்ட நிலநடுக்கம், 350 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மெக்சிகோ நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. நகரின் ஒரு பகுதி பழைய ஏரிப் படுகையின் மென்களிமண் மீது நிற்கிறது. அந்தக் களிமண் அலைகளைப் பெருக்கி, ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒரு முறை என்ற கதியில் ஊசலாடியது. நடுத்தர உயரக் கட்டடங்கள் பலவும் அதே கதியில் ஆடக்கூடியவை என்பதால், ஒவ்வோர் அசைவுக்கும் அவற்றின் ஆட்டம் கூடி அவை சரிந்தன. அதே நகரில், உறுதியான தரையில் நின்ற கட்டடங்களுக்குச் சேதம் மிகக் குறைவு. ஏரியையோ சதுப்பையோ தூர்த்த இடத்தில் வீடு என்றால், மண் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

தரகரிடம் ரிக்டரை விட்டுவிட்டு, எந்த நில அதிர்வு மண்டலத்துக்கு (நிலநடுக்க அபாயத்தை வைத்துப் பிரித்த பகுதி), எவ்வளவு நில முடுக்கத்தை (நிலம் அசையும் வேகம் எவ்வளவு விரைவாக மாறும் என்ற அளவு) வைத்து வடிவமைத்தார்கள் என்று கேளுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடங்களையும் கேட்டு வாங்குங்கள். தரைத்தளம் முழுவதும் வாகன நிறுத்தமாகி, சுவரின்றித் தூண்கள் மட்டும் நின்றால், அந்தத் தளத்துக்கென்று தனியே என்ன வலுவூட்டினார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

நான் பார்வையிட்ட ஒரு கட்டடத்தில், தூண் கம்பிகளைச் சுற்றிய வளையங்களின் முனைகள் 135 பாகைக்கு உள்நோக்கி மடங்காமல், வெறும் 90 பாகையில் நின்றன. நிலநடுக்கத்தில் மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அத்தகைய வளையம் அவிழ்ந்துகொள்ளும். பிறகு தூண் நசுங்கும். அந்தக் கட்டடத்துக்கும் எல்லா அனுமதிகளும் முறைப்படி கிடைத்திருந்தன. மாடிகளின் எண்ணிக்கையையும் சாலையிலிருந்து விடும் இடைவெளியையும் அளக்க ஆள் அனுப்புகிறவர்கள், கான்கிரீட் ஊற்றுமுன் கம்பியைப் பார்க்க ஒருவரையும் அனுப்பாதது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஆகவே, கட்டுமானம் நடந்துகொண்டிருந்தால், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே, தரகரோடு தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சென்று தூணும் உத்தரமும் சேரும் இடங்களைக் காட்டுங்கள். கட்டி முடிந்துவிட்டதென்றால், கம்பி கட்டியபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். அவையும் வரைபடமும் அந்தப் பொறியாளரிடம் போய்ச் சேர்ந்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.